யார் சொல்லி அனுப்பியது?

பி.கே.பி. காலத்தில் நம்மில் பலருக்கு இலக்கியக் கூட்டம் என்றாலே ஒரு நீல நிற இணைப்பு என்று ஆகிப்போனது. புலனக் குழுவில் யாராவது அதை அனுப்புவார்கள். ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான். அடுத்த விநாடி நம் முகம் திரையில் வந்துவிடும். பின்னால் காயப்போட்ட துணியும் சேர்ந்தே வரும். அப்போது எனக்கு அது வசதியாக மட்டுமே தெரிந்தது. ஒரு தட்டில் கேமராவும் மைக்கும் எப்படித் திறந்துகொள்கின்றன, தட்டியது நான்தான் என்று அந்தச் செயலிக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள், 2019 ஜூலை மாதம் வெளியான ஒரு பாதுகாப்பு அறிக்கையைப் பற்றிப் படித்தேன். அதிலிருந்து பின்னோக்கிப் போகப் போக, ஒரே கேள்வி முப்பது ஆண்டுகளாக வேறு வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பது புரிந்தது. உன் வீட்டிலிருந்து ஒரு கோரிக்கை வருகிறது. அதை அனுப்பியது நீயா? இதைக் கேட்காமல் விட்டவர்களின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரு மளிகைக் கடைக்குப் போய்விட்டு வருவோம்.

555 புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? உள்ளங்கை அளவு கையேடு, அட்டையில் 555 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். தோட்டத்திலும் கம்பத்திலும் வளர்ந்தவர்கள் வீட்டில் கட்டாயம் ஒன்று இருந்திருக்கும். அம்மா பையனைக் கடைக்கு அனுப்புவார். தவுக்கே பையனின் முகத்தைப் பார்ப்பார், தெரிந்த வீடு, சாமானைக் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்வார். காசு மாத முடிவில். இப்போது வழியில் முன்பின் தெரியாத ஓர் ஆள் பையனை நிறுத்தி, “தம்பி, ரெண்டு டின் மைலோ வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வாங்கி என்கிட்ட குடு” என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பையன் நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்கிறான். தவுக்கே பார்த்த முகம் உண்மையான முகம்தான். பையனும் பொய் சொல்லவில்லை. எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. ஆனால் கடன் அம்மா கணக்கில் ஏறிவிட்டது.

இணையத்தில் அந்தப் பையன்தான் நம் உலாவி. அவன் முகம்தான் குக்கீ.

இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறைக்கு இயல்பாகவே ஞாபக சக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த பக்கத்தைக் கேட்டவரும் ஒரே ஆள்தானா என்பது சர்வருக்குத் தெரியாது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் இளம் பொறியாளர் லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். சர்வர் ஒரு சின்னச் சீட்டை உலாவியிடம் கொடுத்துவைக்கும். அடுத்த முறை அங்கே போகும்போது உலாவி அதைத் தானாகவே காட்டும். இன்றும் நாம் ஒருமுறை உள்நுழைந்துவிட்டுப் பக்கம் பக்கமாகப் போக முடிவது இதனால்தான். சிக்கல் இந்தத் ‘தானாகவே’ என்ற சொல்லில் இருந்தது. கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினாலும், போகும் இடத்துக்கான சீட்டு கூடவே போகும். நான் ஏதோ ஒரு சமையல் குறிப்புப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கத்தில் ஒரு படத்தைக் காட்டுவதுபோல என் வங்கியின் முகவரியை ஒளித்து வைத்திருந்தால், உலாவி படத்தை எடுப்பதாக நினைத்துக்கொண்டு வங்கிக்குப் போய், என் சீட்டையும் நீட்டிவிடும்.

2001 ஜூனில் பீட்டர் வாட்கின்ஸ் என்பவர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கிராஸ்-சைட் ரிக்வெஸ்ட் ஃபார்ஜரி, சுருக்கமாக சிஎஸ்ஆர்எஃப். ‘சீ சர்ஃப்’ என்று உச்சரிக்கலாம் என்றும் அவரே சொன்னார். தமிழில் ‘தளம் தாண்டி வரும் போலிக் கோரிக்கை’ எனலாம். பெயரென்னவோ கடல் அலையில் சறுக்கி விளையாடுவதுபோல இருக்கிறது. 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் செல்லரும் எட்வர்ட் ஃபெல்டனும் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தால் விளையாட்டு நின்றுவிடும். அமெரிக்காவில் இயங்கிய ஐஎன்ஜி டைரக்ட் வங்கியின் தளத்தில், வாடிக்கையாளர் பெயரில் புதிய கணக்கு திறந்து பணத்தையே மாற்றிவிட இந்த வழியில் முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். யூடியூப்பிலும் அதே ஓட்டை இருந்தது.

ஆனால் கதை குக்கீயோடு ஆரம்பிக்கவில்லை. 1988-இல் நார்ம் ஹார்டி என்ற கணினியாளர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். தலைப்பைத் தமிழில் ‘குழம்பிப்போன காரியஸ்தர்’ என்று சொல்லலாம். அவர் சொன்ன சம்பவம் இதுதான். பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு பெரிய கணினி. அதில் நிரல்களை மொழிமாற்றித் தரும் கம்பைலர் ஒன்று. தன் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களை எழுதிவைப்பதற்காக ஒரு குறிப்பிட்ட கோப்பகத்தில் எழுதும் அனுமதி அதற்குத் தரப்பட்டிருந்தது. அதே கோப்பகத்தில்தான் வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்குக் கோப்பும் இருந்தது. ஒரு பயனர், “வெளியீட்டை இந்தக் கோப்பில் எழுது” என்று அந்தக் கட்டணக் கோப்பின் பெயரையே கம்பைலரிடம் கொடுத்தார். பயனருக்கு அதைத் தொட அனுமதி இல்லை. கம்பைலருக்கு இருந்தது. எழுதியது. கணக்கு அழிந்தது.

கம்பைலர் திருடவில்லை. அது இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. யார் தந்த அதிகாரத்தில் யாருடைய வேலையைச் செய்கிறோம் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியவில்லை. நம்ம கடைக்குப் போன பையனும் அப்படித்தான்.

இதற்கு மருந்து பெரிய ரகசியமும் இல்லை. அம்மா ஒவ்வொரு முறையும் பையன் கையில் ஒரு துண்டுச் சீட்டில் புதிதாக ஏதாவது ஒரு சொல்லை எழுதி அனுப்புவதாக தவுக்கேயிடம் பேசிவைத்துக்கொண்டால் போதும். முகம் மட்டும் போதாது, சீட்டும் வேண்டும். வழியில் நிற்பவனுக்கு இன்றைய சொல் தெரியாது. இணையத்தில் இதை டோக்கன் என்கிறார்கள். ஒரு தளம் தன் படிவத்துக்குள் யாரும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணை ஒளித்து வைக்கும். திரும்பி வரும்போது அந்த எண் இருந்தால்தான் கோரிக்கையை ஏற்கும். வேறு தளத்துக்கு அந்த எண் கிடைக்காது. ஏனென்றால் உலாவிக்கு ஒரு பழைய விதி உண்டு: ஒரு தளம் இன்னொரு தளத்துக்குக் கோரிக்கையை அனுப்பலாம், ஆனால் அதற்கு வரும் பதிலைப் படிக்கக் கூடாது. இந்த விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் ஒரு நிறுவனம் இதைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்கப் போகிறோம்.

வங்கியில் நடந்தால் போவது பணம். புகார் செய்யலாம், சில நேரம் திரும்பக்கூடக் கிடைக்கும். காணொளிச் சந்திப்பில் அந்தப் போலிக் கோரிக்கை திறப்பது நம் அறையை. ஒருவர் பார்த்துவிட்டதைத் திரும்பப் பெற முடியாது.

காணொளிச் சந்திப்புச் செயலிகளுக்குப் பிறப்பிலேயே ஓர் இக்கட்டு உண்டு. சந்திப்புக்கான அழைப்பு வருவது இணைப்பாக, அதாவது உலாவியில். கேமராவைக் கையாளும் செயலி இருப்பது கணினியில். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவு எளிதாகத் திறக்கவும் வேண்டும், ஏனென்றால் கூட்டம் ஆரம்பித்துவிட்டது, முதலாளி காத்திருக்கிறார், ‘எனக்குத் திறக்கலையே’ என்று யாரோ புலனத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்.

சிஸ்கோ நிறுவனத்தின் வெப்எக்ஸ் மீட்டிங்ஸ் சர்வரில் சிஎஸ்ஆர்எஃப் ஓட்டை இருந்ததாக 2014-லேயே அறிவிப்பு வந்திருக்கிறது. அதைவிடப் பெரியது 2017 ஜனவரியில் வந்தது. கூகலின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மண்டி, குரோம் உலாவிக்கான வெப்எக்ஸ் நீட்சியைப் பிரித்துப் பார்த்தார். ஏறக்குறைய 20 மில்லியன் பேர் பயன்படுத்திய நீட்சி அது. முகவரியில் ஒரு குறிப்பிட்ட நீண்ட எழுத்துக்கோவை இருந்தால் போதும், சந்திப்பு ஆரம்பமாகிவிடும். அந்தக் கோவை எல்லாருக்கும் ஒன்றே. அந்த முகவரி வெப்எக்ஸின் தளத்தில்தான் இருக்கிறதா என்று நீட்சி பார்க்கவில்லை. எனவே எந்தத் தளம் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம். தட்டி, கணினியில் தான் விரும்பிய நிரலையே ஓட்டலாம். அம்மாவின் ரகசியச் சொல்லைக் கடை வாசலில் சுண்ணாம்பால் எழுதிவைத்த மாதிரி. அவர் தகவல் தந்த சில நாட்களிலேயே சிஸ்கோ அதைத் தன் முகவரிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது.

இப்போது ஸூம். அதன் நிறுவனர் எரிக் யுவான் வெப்எக்ஸில் ஆரம்ப காலத்திலிருந்து பொறியாளராக இருந்தவர். சிஸ்கோ வெப்எக்ஸை 2007-இல் வாங்கியது. 2011-இல் அவர் அங்கிருந்து விலகி ஸூமைத் தொடங்கினார். சீனாவில் மாணவராக இருந்தபோது காதலியைப் பார்க்கப் பத்து மணி நேரம் ரயிலில் போன கதையை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தூரத்தை ஒழிக்க வேண்டும் என்ற ஆசை அங்கிருந்து வந்ததாம். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஸூம் வென்றதற்கும் காரணம் அதுதான்: மற்றவை மூன்று இடத்தில் தடுத்து நிறுத்தியபோது, அது நேராக உள்ளே விட்டது.

2018-இல் ஆப்பிள் தன் சஃபாரி உலாவியில் ஒரு சிறிய மாற்றம் செய்தது. ஓர் இணையப் பக்கம் கணினியிலுள்ள செயலியைத் திறக்க முயன்றால், “திறக்கவா?” என்று பயனரிடம் கேட்கும். அம்மாவிடமே ஒருமுறை கேட்டுவிடுவது போன்ற ஏற்பாடு. ஸூமுக்கு இது ஒரு சொடுக்கு அதிகம். அந்த ஒரு சொடுக்கைத் தவிர்க்க, 2018 ஜூலையில் மேக் கணினிகளுக்கான புதுப்பிப்பில் ஒரு குட்டி சர்வரைப் பயனரின் கணினிக்குள்ளேயே வைத்தது. பெயர் ஸூம்ஓப்பனர். 19421 என்ற எண்ணுள்ள வாயிலில் அது எப்போதும் காத்திருக்கும். உலாவி சஃபாரியின் கேள்விக்குள் போகாமல், வீட்டுக்குள்ளேயே இருக்கும் இந்த சர்வரிடம் ‘இந்த எண்ணுள்ள சந்திப்பைத் திற’ என்று சொல்லும். அதுவும் திறக்கும்.

யார் சொன்னாலும் திறக்கும். அங்கேதான் பிரச்சினை.

2019 மார்ச் 26 அன்று ஜோனதன் லைட்சூ என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதை ஸூமிடம் தெரிவித்தார். வழக்கப்படி 90 நாள் அவகாசம் கொடுத்தார். முழுமையான தீர்வு வரவில்லை என்று ஜூலை 8 அன்று பொதுவில் எழுதினார். அவர் காட்டியது எளிமையானது. தாக்குபவர் ஒரு ஸூம் சந்திப்பை உருவாக்கி, பங்கேற்பாளர் கேமரா ஆரம்பத்திலேயே திறந்திருக்க வேண்டும் என்று அமைத்துக்கொள்கிறார். ஏதோ ஒரு பக்கத்தில் அதற்கான கோரிக்கையைப் படம்போல ஒளித்து வைக்கிறார். மேக் வைத்திருப்பவர் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே போதும். ‘என் கேமராவை அணைத்தே வை’ என்று முன்கூட்டி அமைக்காதவராக இருந்தால், முகம் காட்டியபடி அந்நியரின் சந்திப்புக்குள் போய் நிற்பார். ஸூமை நீக்கினாலும் தப்பவில்லை. செயலி போகும், குட்டி சர்வர் போகாது. ஒளிந்த கோப்பகத்தில் உட்கார்ந்திருந்து, அடுத்த இணைப்பு வரும்போது கேட்காமலேயே ஸூமை மறுபடி நிறுவிவிடும். ஏறத்தாழ நான்கு மில்லியன் மேக் பயனர்கள் இருக்கலாம் என்பது அவர் கணிப்பு.

அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் வேறொன்று. ஒரு தளம் இன்னொன்றின் பதிலைப் படிக்கக் கூடாது என்ற விதியை மேலே சொன்னேன் அல்லவா? ஸூமின் பக்கத்துக்குக் குட்டி சர்வரின் பதில் தேவைப்பட்டது: திறந்ததா, இல்லையா? நேராகப் படிக்க உலாவி விடாது. ஆனால் ஒரு படத்தின் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் அளந்து பார்க்க விடும். அதனால் குட்டி சர்வர் ஒரு படத்தைத் திருப்பி அனுப்பியது. அந்தப் படத்தின் அளவுகளே பதில். இன்ன அளவென்றால் இன்ன அர்த்தம். காவல்காரர் பேசக் கூடாது என்று சொன்னதால் இருமிக் காட்டுவது போல. இதைச் செய்தவர் முட்டாள் இல்லை. விதி எதற்காக இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் இப்படிச் சுற்றிப் போக முடியும். மற்ற ஓட்டைகள் கவனக்குறைவால் வந்தவை. இது உழைத்துக் கட்டியது.

ஸூமின் முதல் பதில் தற்காப்பாக இருந்தது. கூடுதல் சொடுக்கு பயனர்களுக்கு மோசமான அனுபவம், அதற்கான மாற்றுவழிதான் இது என்றார்கள். செயலியின் சாளரம் கண்முன்னே திறக்கும், பயனர் உடனே கவனித்து வெளியேறலாம் என்றார்கள். யாருக்கும் இப்படி நடந்ததற்கான அறிகுறி இல்லை என்றும் சொன்னார்கள். நியாயத்துக்கு இதையும் பதிவு செய்ய வேண்டும். ஆனால் எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே, ஜூலை 9 அன்று, மனம் மாறி அந்த சர்வரை நீக்கும் புதுப்பிப்பை வெளியிட்டார்கள். ஜூலை 10 அன்று ஆப்பிள், யாரையும் எதுவும் கேட்காமல், எல்லா மேக் கணினிகளிலிருந்தும் அதை அகற்றும் புதுப்பிப்பை அமைதியாக அனுப்பியது. கேட்காமல் வந்தது கேட்காமலே போனது. லைட்சூவுக்கு ஸூம் பரிசுத்தொகை தர முன்வந்தது. ஓட்டை அடைக்கப்பட்ட பிறகும் அதைப்பற்றி வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனை இருந்ததால் அவர் வேண்டாமென்றார். அதை அவர் வாங்கியிருந்தால் இந்தக் கதையை நாம் படித்திருக்க மாட்டோம்.

எட்டு மாதம் கழித்து உலகமே அந்தச் செயலிக்குள் குடியேறியது. 2019 டிசம்பரில் ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லியனாக இருந்த ஸூம் சந்திப்புப் பங்கேற்பு, 2020 மார்ச்சில் 200 மில்லியனைத் தாண்டியது.

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 8 அன்று முழுநேர வீட்டிலிருந்து கற்றல் தொடங்கியது. தொடக்கத்திலேயே ஒரு புவியியல் பாடத்துக்குள் அந்நியர்கள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். கல்வி அமைச்சு ஆசிரியர்கள் ஸூம் பயன்படுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, சில நாள் கழித்துக் கூடுதல் பாதுகாப்போடு அனுமதித்தது. நமக்கெல்லாம் ஸூம் ஆபத்து என்றால் மனதில் நிற்பது இதுதான். அது வேறு, இது வேறு. அங்கே நம் அறைக்குள் அந்நியர் வந்தார். 2019-இல் நாமே அறியாமல் அந்நியரின் அறைக்கு அழைத்துப் போகப்படக்கூடிய நிலை இருந்தது. முதலாவதில் கூச்சல் கேட்கும், செய்தியாகும். இரண்டாவதில் அவ்வளவு சத்தம் இல்லை.

அதே மார்ச் இறுதியில் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் முதல் இயங்கலை அமைச்சரவைக் கூட்டத்தின் படத்தை வெளியிட்டார். அதில் சந்திப்பு எண் தெரிந்தது. டாம் ஆண்டனி என்பவருக்கு ஆர்வம் வந்து, கடவுச்சொல்லைச் சோதித்துப் பார்த்தார். வழக்கமாகத் தரப்பட்டது ஆறு இலக்க எண், ஆக மொத்தம் ஒரு மில்லியன் வாய்ப்புகள். எத்தனை முறை தவறாக முயன்றாலும் ஸூமின் இணையப் பதிப்பு தடுக்கவில்லை. சில கணினிகள் சேர்ந்தால் சில நிமிடங்களில் முடிகிற வேலை. அவர் குறிப்பில் போகிற போக்கில் இன்னொன்றும் இருந்தது: கோரிக்கையோடு சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் அனுப்பப்படுகிறது, ஆனால் அதை எடுத்துவிட்டு அனுப்பினாலும் சர்வர் ஏற்றுக்கொள்கிறது. அவரது தாக்குதலுக்கு அதுதான் மூலகாரணம் இல்லை, அதை அவரே சொல்கிறார். இருந்தாலும் எனக்கு அது மறக்கவில்லை. சீட்டு எழுதப்பட்டிருந்தது, பையன் கொண்டும் போனான், தவுக்கேதான் வாங்கிப் பார்க்கவில்லை. ஆண்டனி தெரிவித்ததும் ஸூம் இணையப் பதிப்பையே சில நாள் நிறுத்திவைத்துச் சரிசெய்தது.

இன்னொரு முரண். குக்கீ பிறந்த 1994 முதல் இருந்த அடிப்படைக் குறையைச் சரிசெய்ய கூகல் 2020 பிப்ரவரியில் குரோம் 80-உடன் ஒரு மாற்றத்தைத் தொடங்கியது. வேறு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கைகளோடு குக்கீ இனித் தானாக ஒட்டிக்கொண்டு போகாது. வேண்டுமென்றால் அந்தத் தளம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். தெருவில் யாரோ அனுப்பினால் முகத்தைக் காட்டாதே என்று கடைசியில் பையனுக்கே சொல்லிக்கொடுத்தாயிற்று. ஆனால் ஏப்ரல் ஆரம்பத்தில் அதை நிறுத்தினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வங்கி, மளிகை, மருத்துவம், அரசுச் சேவை போன்றவற்றின் தளங்கள் எதுவும் உடைந்துவிடக் கூடாது என்ற அச்சம். ஜூலையில்தான் மறுபடி தொடங்கினார்கள். நாம் எல்லாரும் இணையத்துக்குள் ஓடிவந்த அந்த மாதங்களில்தான், இருபத்தைந்து ஆண்டு தாமதமான பூட்டு ஒரு மூன்று மாதம் மேசை மேல் காத்திருந்தது. முடிவு தவறென்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் நானே அதைத்தான் செய்திருப்பேன்.

2020 நவம்பரில் அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் ஸூமோடு ஓர் உடன்பாட்டை அறிவித்தது. குற்றச்சாட்டுகளில் ஸூம்ஓப்பனரும் இருந்தது. பயனருக்கு முறையாகச் சொல்லாமல், சஃபாரியின் பாதுகாப்பைத் தாண்டிப் போவதற்காக அதை நிறுவியது நியாயமற்றது என்பது ஆணையத்தின் வாதம். ஓட்டை இருந்தது என்பதை விட, கேட்காமல் செய்தது என்பதையே அது குற்றமாக எடுத்துக்கொண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் 1988-இன் கம்பைலரிலிருந்து 2019-இன் குட்டி சர்வர் வரை ஒரே குழப்பம்தான்: அடையாளமும் சம்மதமும் ஒன்று என்று எடுத்துக்கொள்வது. இது என் கணினி, என் குக்கீ, என் கேமரா. ஆகவே இது என் விருப்பம் என்று இயந்திரம் முடிவு செய்துகொள்கிறது. ‘உங்க நம்பரிலிருந்துதானே வந்துச்சு’, ‘உங்க கையெழுத்துதானே’ என்று மனிதர்களும் நம்மிடம் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்ன பிறகும், ‘ஆனா நான் அனுப்பல’ என்று சொல்ல இடம் இருக்க வேண்டும்.

போன வாரமும் ஒரு நூல் அறிமுகக் கூட்டத்துக்கு இணைப்பு வந்தது. தட்டினேன். இந்தச் செயலியைத் திறக்க அனுமதிக்கவா என்று உலாவி கேட்டது. முன்பெல்லாம் இந்தப் பெட்டி வந்தால் எரிச்சல்தான், படிக்காமலேயே அழுத்திவிடுவேன். ‘எப்போதும் அனுமதி, இனிக் கேட்காதே’ என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும், அதையும் குறித்து வைத்திருந்தேன். இந்தமுறை அமைப்புக்குள் போய் அந்தக் குறியை எடுத்துவிட்டேன். கூட்டத்துக்கு ஒரு நிமிடம் தாமதமாகத்தான் போனேன். வரவேற்புரை இன்னும் முடிந்திருக்கவில்லை.